டிலே டிஸ்கவுண்டிங்: தமிழில் தாமத மதிப்புக்கழிவு

இன்றைக்கே 500 ரூபாய் வேண்டுமா, 100 நாள் பொறுத்து 1,000 ரூபாய் வேண்டுமா? தொகையையும் நாளையும் இப்படி மாற்றி மாற்றிக் கேட்டு, காத்திருப்பு ஒருவர் மனத்தில் பணத்தின் மதிப்பை எவ்வளவு குறைக்கிறது என்று அளப்பதுதான் 'டிலே டிஸ்கவுண்டிங்' ஆய்வு.

டிஸ்கவுண்ட் வணிகர்களின் சொல். இலத்தீனில் 'கம்ப்யூட்டாரே' கணக்கிடுதல். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் கணக்கிலிருந்து எடுத்துவிடுதல். தவணை வராத உண்டியலை (பின்னொரு நாளில் பணம் தருவதாக எழுதிய வணிகப் பத்திரம்) முன்கூட்டியே பணமாக்கும்போது பிடித்துக்கொள்ளும் தொகைக்கு இந்தப் பெயர்.

'தாமதத் தள்ளுபடி' என்று எழுதினால் ஆடித் தள்ளுபடிதான் நினைவுக்கு வரும்; தாமதமாகக் கிடைக்கும் சலுகை என்றே படிப்பார்கள். எனக்குக் 'கழிவு' பிடிக்கிறது. கழித்தல் என்ற கணக்கே அதில் இருக்கிறது. புத்தகக் கடைகளில் '10 சதவீதக் கழிவு' இன்றும் வழக்கு. குப்பை என்ற பொருள் குறுக்கே வராமலிருக்க 'மதிப்பு' சேர்த்து, தாமத மதிப்புக்கழிவு. ஏலச்சீட்டு எடுத்தவர்களுக்கு விஷயம் புதிதல்ல: அவசரம் உள்ளவர் அதிகம் தள்ளி முதலில் எடுக்கிறார். அவர் தள்ளிய தொகைதான் இந்தக் கழிவு.

சரி, எந்த வேகத்தில் கழிகிறது? பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1937இல் முன்வைத்த மாதிரியில் கழிவு வீதம் மாறுவதில்லை. முதல் 100 நாளில் 1,000 ரூபாய் 500 ஆனால், 300ஆம் நாளில் 125. உளவியலாளர் ஜேம்ஸ் மேசர் 1987இல் புறாக்களின் தேர்வுகளை வைத்துக் காட்டிய வளைவு வேறு: தொகையை (1 + கே × நாள்) ஆல் வகுக்க வேண்டும். கே என்பது ஒருவருக்குக் கழிவு எவ்வளவு வேகம் என்று சொல்லும் எண்; ஆளுக்கு ஆள் மாறும். கே 0.01 என்றால் 100ஆம் நாளில் அதே 500தான், ஆனால் 300ஆம் நாளில் 250. தொடக்கத்தில் செங்குத்தாக விழுந்து அப்புறம் நிதானமாகும் இந்த வளைவுதான் மனிதத் தேர்வுகளுக்கும் பெரும்பாலும் நன்றாகப் பொருந்துகிறது.

கே எண்களை அப்படியே சராசரி எடுப்பது தவறு. பலருக்கு மிகச் சிறிதாகவும் சிலருக்கு மிகப் பெரிதாகவும் இருப்பதால் அந்தச் சிலரே சராசரியை இழுத்துவிடுவார்கள். மடக்கை (லாகரிதம்) எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும். ஆளுக்குச் சில பதில்களே இருந்தால், எல்லோரையும் சேர்த்துக் கணிக்கும் பலநிலை மாதிரி கைகொடுக்கும். எந்தச் சூத்திரத்தையும் நம்ப விருப்பமில்லையா? உளவியலாளர்கள் மையர்சனும் கிரீனும் சக ஆய்வாளரோடு 2001இல் தந்த வழி இருக்கிறது: வளைவின் கீழ்ப் பரப்பை 0 முதல் 1 வரையிலான எண்ணாக அளப்பது. பரப்பு குறையக் குறையக் கழிவு அதிகம்.