ரெஸ்டோரேஷன்: புதுப்பித்தலா, மீட்டெடுத்தலா?

பழைய ஜாகுவார், எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி போன்ற பிரிட்டிஷ் கார்கள் ஏலத்துக்கு வரும்போது, விலைக்கு முன்னால் கண்ணில் படுகிற சொல் ‘ரெஸ்டோர்ட்’. தமிழில் எழுதும்போது யோசிக்காமல் ‘புதுப்பிக்கப்பட்ட’ என்று போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கார்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் புதுசுக்காகவா பணத்தைக் கொட்டுகிறார்கள்? புதுசு வேண்டுமென்றால் ஷோரூமுக்குப் போயிருப்பார்களே.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘ரெஸ்டௌராரே’, பழைய நிலைக்குக் கொண்டுவருதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் சாப்பிடப் போகும் ரெஸ்டாரண்டும் இதே வேரில் முளைத்ததுதான். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் உடம்பைத் தேற்றும் சூப்புக்கு அந்தப் பெயர் இருந்தது. அப்புறம் அதை விற்ற கடைக்கே ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் 1649இல் அரசன் தலையை வெட்டி முடியாட்சியை ஒழித்தார்கள். 1660இல் அவன் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினான். அதற்கும் ரெஸ்டோரேஷன் என்றே பெயர். ஆள் புதுசு, ஆனால் திரும்பி வந்தது பழைய ஆட்சி. முன்பு இருந்தது, இடையில் போனது, திரும்பக் கிடைத்தது: சொல்லுக்குள் இருப்பது இந்த மூன்றும்தான்.

கார் உலகத்தில் இதை ஜாகுவார் ஈ-டைப்பை வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான கார். முதலில் வந்த சுமார் 500 கார்களில் பானெட்டைத் திறக்க வெளிப்புறப் பூட்டு. தனியாக ஒரு சாவி வேண்டும். காரின் உள்தரை தட்டையாக இருந்ததால் உயரமானவர்களுக்குக் கால் வைக்க இடம் போதவில்லை. பூட்டை அந்த வருடமே உள்ளே கொண்டுபோனார்கள், 1962இல் தரையில் கால்குழி வைத்தார்கள். சரி, இன்று எதற்கு மவுசு? அந்தத் தட்டைத் தரைக்கும் வெளிப்பூட்டுக்கும்தான்! முட்டி இடிக்கிற காருக்குக் கூடுதல் விலை. அதைச் சரிசெய்யும் மெக்கானிக், ‘வசதியாக இருக்கட்டுமே’ என்று கால்குழி வைத்துக் கொடுத்தால் உரிமையாளர் அழுதுவிடுவார். சேசிஸ் (அடிச்சட்டம்) எண், எஞ்சின் எண், கியர்பாக்ஸ் எண் எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

எவ்வளவு மாற்றினால் அது வேறு காராகிவிடும்? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி. ஒரு நிறுவனம் அதை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டு, ‘இது அந்தக் கார் இல்லை’ என்று பின்வாங்கப் பார்த்தது. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எஞ்சின் முதல் மேற்கட்டுவரை காலப்போக்கில் ஏகப்பட்டது மாறியிருந்தது. நீதிபதி ‘அசல்’ என்ற சொல்லை அதற்குக் கொடுக்கவில்லை. ஆனால் வரலாறு அறுபடாமல் தொடர்ந்து வந்த கார் என்பதால் அதுவே ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார்.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘பழுதுபார்த்தல்’ ஓட வைப்பதோடு நின்றுவிடும். ‘சீரமைப்பு’ சாலைக்கும் வாய்க்காலுக்கும் பொருந்தும். ‘புதுப்பித்தல்’ உரிமத்துக்கும் சந்தாவுக்கும் சரி, அங்கே பழைய தேதிக்கு யாரும் ஏங்குவதில்லை. என் ஓட்டு ‘மீட்டெடுத்த’லுக்கு. அடகு வைத்த நகையை நாம் மீட்கிறோம். அதே நகை வேண்டும், அதே எடையில் இன்னொன்று போதாது. பகைவர் கவர்ந்த ஆநிரையை, அதாவது மாட்டுக் கூட்டத்தை, மீட்பதற்குப் பழந்தமிழ் இலக்கணத்தில் கரந்தை என்று தனித் திணையே உண்டு. அங்கேயும் போன மாடுதான் திரும்ப வரவேண்டும். ‘மீட்டமைப்பு’ என்றும் எழுதலாம், ஆனால் செல்பேசியில் அந்தச் சொல்லைத் தொட்டால் இருப்பதெல்லாம் அழிந்துவிடுகிறது. கார்க்காரர்களைப் பயமுறுத்த வேண்டாமே.

இன்னொரு சிக்கல், ‘ஓவர் ரெஸ்டோர்ட்’. அந்தக் காலத்து பிரிட்டிஷ் தொழிற்சாலையில் கதவிடுக்குகள் ஒரே சீராக இருந்ததில்லை, பெயின்டும் கண்ணாடி மாதிரி மின்னியதில்லை. இன்றைய பட்டறை அதையெல்லாம் நேராக்கி, அன்று இல்லாத பளபளப்பை ஏற்றிவிடுகிறது. இதற்கு ‘மிகைமெருகு’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘புதுப்பித்தல்’ என்று எழுதினால் இந்தக் குறையைக் குறையாகவே காட்ட முடியாது. அப்புறம், உரிந்த பெயின்டும் வெடித்த தோல் சீட்டுமாக யாரும் தொடாமல் கொட்டகையில் கிடந்து வருகிற கார்கள் இருக்கின்றன. மீட்டெடுத்த காரைவிட இவற்றை உயர்வாக மதிப்பவர்களும் உண்டு. அதற்குச் சொல் தேடி அலையவேண்டியதில்லை: ‘கைபடாத கார்’.