முதல் மண்வெட்டி விழமுதல் சிஐஎல் பேப்பரை முடியுங்கோ

போன கிழமை ஒரு அக்கா போன் எடுத்தவா. "தம்பி, எங்கட கவுன்சில் புதுசா ஏதோ லெவி கொண்டுவரப் போகுதாம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னவர், நாங்கள் பின்னுக்கு குசினி இழுத்துக் கட்டுறதுக்கும் காசு கட்டோணுமோ?" எண்டு கேட்டா. குரலில நல்ல பயம். இல்லை அக்கா, உங்கட குசினிக்கு ஒண்டும் இல்லை எண்டு சொல்லி வச்சிட்டன், ஆனா பிறகு யோசிச்சுப் பார்த்தா, கட்டத் தேவையில்லாத ஆக்கள்தான் பயந்துபோய் போன் எடுக்கினம், உண்மையா மாட்டப்போற ஆக்களுக்கு இப்பிடி ஒரு சாமான் இருக்கெண்டே தெரியாது. நான் லண்டனிலயும் சுத்துவட்டாரத்திலயும் கனகாலமா வீட்டு பிளான் கீறி பிளானிங் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கிறன், அதில கண்டதைத்தான் இதில எழுதுறன்.

இந்த லெவிக்குப் பேர் கம்யூனிற்றி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி, சுருக்கமா சிஐஎல். 2008 பிளானிங் சட்டத்தில வந்தது, அதுக்கான விதிகள் 2010 ஏப்ரலில நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் மட்டும்தான், ஸ்கொட்லாந்தில இல்லை. புதுசாக் கட்டுற ஆக்களிட்ட கவுன்சில் ஒரு சதுர மீற்றருக்கு இவ்வளவு எண்டு காசு எடுத்து றோட்டு, பள்ளிக்கூடம், கிளினிக், பார்க், வெள்ளத் தடுப்பு மாதிரி வேலைகளுக்குப் போடும். கொள்கையளவில எனக்கு இதில ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரு ஏரியாவில ஐந்நூறு வீடு புதுசா வந்தா அந்தப் பிள்ளையளுக்கு பள்ளிக்கூடத்தில இடம் வேணும்தானே, அதுக்கு ஆரோ காசு குடுக்கத்தான் வேணும். பழைய செக்‌ஷன் 106 எண்டு கவுன்சிலும் கட்டுறவரும் செய்யிற ஒப்பந்தம் மாதிரி இருந்து பேசிக் குறைக்கிற கதை இதில இல்லை, றேற் எண்டா றேற்தான்.

கவுன்சில் நினைச்ச உடன இதைக் கொண்டுவர ஏலாது. அந்த ஏரியாவுக்கு என்னென்ன கட்டுமானம் வேணும், அதுக்கு எவ்வளவு காசு துண்டு விழுது எண்டு காட்டோணும். அதோட காணி விலை, கட்டுற செலவு, லாபம் எல்லாத்தையும் கழிச்சுப்போட்டு, லெவி போட்டாலும் கட்டுமானம் நிண்டுபோகாது எண்டதுக்கு கணக்குப் பார்த்து ஒரு றிப்போர்ட் வைக்கோணும். பிறகு றேற்றையும் மப்பையும் போட்டு டிராஃப்ட் சார்ஜிங் ஷெடியூல் எண்டு வெளியில விட்டு சனத்திட்ட கருத்துக் கேக்கோணும். அதுக்குப் பிறகு கவுன்சிலோட சம்பந்தமில்லாத ஒரு எக்ஸாமினர் விசாரிச்சு றிப்போர்ட் குடுப்பார், கடைசியா முழுக் கவுன்சிலும் வோட் போட்டு ஒரு திகதி குறிக்கும்.

இந்தக் கருத்துக் கேக்கிற கட்டத்திலதான் எங்கட ஆக்கள் கோட்டை விடுகினம். நான் ஒருக்கா இப்பிடி ஒரு விசாரணைக்குப் போய் பின்வரிசையில இருந்தனான். மேசையைச் சுத்தி பெரிய டெவலப்பர்மாரின்ர ஏஜென்டுமார், சுப்பர்மார்க்கெற்காரரின்ர ஆக்கள், ஆளுக்கொரு ஃபைல். சொந்தமா ஒரு வீடு கட்ட இருக்கிற ஒருத்தர்கூட இல்லை. மப்பில ஸோன் பிரிக்கிற கோடு ஒரு றோட்டின்ர நடுவால போகும், இந்தப் பக்கம் ஒரு றேற், எதிர்ப்பக்கம் வேற றேற், அப்பிடி வந்தா அது ஏனெண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, கருத்துக் கேக்கிற காலத்துக்குள்ள எழுத்தில குடுத்து, நேரில கதைக்கவும் விருப்பம் எண்டு அதிலயே கேட்டால் எக்ஸாமினர் உங்களையும் கேக்கத்தான் வேணும். தமிழ் அக்சென்ற் எண்டு கூச்சப்படாதேங்கோ, அங்க ஒருத்தரும் அதைப் பாக்கிறேல்ல.

லண்டனில இருக்கிற ஆக்கள் இன்னொண்டு விளங்கிக் கொள்ளோணும், உங்களுக்கு இது ரெண்டு அடுக்கு. பறோவின்ர, அதாவது உங்கட உள்ளூர் கவுன்சிலின்ர சிஐஎல் ஒண்டு, லண்டன் மேயரின்ர சிஐஎல் இன்னொண்டு. மேயரின்ரது 2012 ஏப்ரலில குறொஸ்றெயில் எண்ட புது றெயில் பாதைக்கு, இப்பத்தைய எலிசபெத் லைனுக்கு, காசு சேர்க்கவெண்டு தொடங்கினது, 2019 ஏப்ரலில இருந்து பறோவைப் பொறுத்து ஒரு சதுர மீற்றருக்கு 80, 60, 25 பவுண்ஸ் எண்டு மூண்டு தரம். இல்ஃபோர்டிலயும் சவுத்தோலிலயும் நாங்கள் ஏறுற எலிசபெத் லைனுக்குள்ள அந்தக் காசும் கிடக்கு. பறோக்களில முதல் கொண்டுவந்தது றெட்பிறிட்ஜ், 2012 ஜனவரியில, சதுர மீற்றருக்கு 70 பவுண்ஸ். ஹறோ 2013 ஒக்டோபரில வீடுகளுக்கு 110 எண்டு தொடங்கினது, பிறென்ற் அதே வருசம் ஜூலையில 200. இது தொடங்கேக்க இருந்த றேற். கட்டுற செலவு ஏற ஏற ஒவ்வொரு ஜனவரியும் இன்டெக்ஸ் போட்டு கூட்டுவினம், அதால பழைய லீஃப்லெற்றைப் பார்த்து பட்ஜெற் போடாதேங்கோ.

இனித் திகதி விசயம். இதில கன பேர் ஏமாந்தவை. "நான் லெவி வரமுதலே அப்ளிகேஷன் போட்டிட்டன், எனக்கு வராது" எண்டு நினைக்கினம். போட்ட திகதியை ஒருத்தரும் பாக்கிறேல்ல, பெர்மிஷன் கிடைச்ச திகதிதான் கணக்கு. லெவி தொடங்குற நாளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் போட்டு, கேஸ் ஒபிசர் ஒரு டிறொயிங் திருத்தக் கேட்டு இழுபட்டு, தொடங்கி மூண்டாம் நாள் பெர்மிஷன் வந்தால் முழுசாக் கட்டோணும். உங்கட கவுன்சில் திகதி குறிச்சிட்டுதெண்டால் பிளான் கீறுறவரை இண்டைக்கே பிடியுங்கோ.

ஆருக்கு வரும், ஆருக்கு வராது? இருக்கிற வீட்டுக்கு பின்னுக்கு, மேல லொஃப்ற் எண்டு 100 சதுர மீற்றருக்குக் குறைய கூட்டினால் வராது. நாங்கள் செய்யிற எக்ஸ்டென்ஷன் முக்கால்வாசி இதுக்குள்ள அடங்கும். 100 தாண்டினாலும் சொந்த வீடெண்டால் விலக்கு இருக்கு, ஆனா அது தானா வராது, வேலை தொடங்க முதல் கேட்டு எடுக்கோணும். ஒரு வீட்டை உள்ளுக்குள்ளயே பிரிச்சு ரெண்டு ஃபிளாற் ஆக்கினால் லெவி இல்லை. ஆனா தனி வீடு புதுசா ஒண்டு எழும்பினால் அளவு கணக்கே இல்லை, பின் வளவில 45 சதுர மீற்றரில ஒரு சின்ன வீடு எண்டாலும் வரும். பிளானிங் பெர்மிஷன் தேவையில்லாத பெர்மிற்றட் டெவலப்மென்ற் எண்டாலும் தப்ப ஏலாது, அதுக்கு தொடங்க முதல் நீங்களாக் கவுன்சிலுக்கு அறிவிக்கிற போர்ம் ஒண்டு இருக்கு, அஞ்சாம் போர்ம், கடையை வீடாக்கின ஆக்களில அதை நிரப்பின ஒரு கடைக்காரரைக்கூட நான் இன்னும் சந்திக்கேல்ல.

பழைய வீட்டை இடிச்சிட்டுக் கட்டுற ஆக்களுக்கு, இடிக்கிற வீட்டின்ர அளவை புது வீட்டின்ர அளவில இருந்து கழிக்கலாம். புதுசு 210, பழசு 90 எண்டால் 120 க்குத்தான் கட்டோணும். ஆனா ரெண்டு நிபந்தனை. பெர்மிஷன் கிடைக்கிற நாளில அந்தக் கட்டடம் நிண்டுகொண்டிருக்கோணும், அதுக்கு முந்தின மூண்டு வருசத்துக்குள்ள ஆறு மாசமாவது விடாமப் பாவனையில இருந்திருக்கோணும். பாழடைஞ்சு கிடக்கு, கள்ளர் வந்து படுக்கினம் எண்டு அவசரப்பட்டு முதலே இடிச்சால் அந்தக் கழிவு போச்சு. ஆள் இருந்ததுக்கு கவுன்சில் டாக்ஸ் பில், கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம் எல்லாம் எடுத்து வையுங்கோ.

இப்ப நான் மறக்காத ஒரு குடும்பத்தின்ர கதை. புருசனும் பெண்சாதியும் பதினைஞ்சு வருசமா மிச்சம் பிடிச்சு ஒரு பழைய பங்களோ வாங்கினவை. அதில இருந்த வயசான அம்மா கெயர் ஹோமுக்குப் போய் நாலு வருசம், வீடு பூட்டிக் கிடந்தது, அதால கழிவு கிடைக்காது. பரவாயில்லை, சொந்தமா இருக்கக் கட்டுற ஆக்களுக்கு 2014 பெப்ரவரியில இருந்து செல்ஃப் பில்ட் விலக்கு இருக்கு, முழுசா பூச்சியம் ஆகும். பெர்மிஷன் எடுத்துக் குடுத்தது வேற ஒருத்தர், அவர் பெர்மிஷன் லெற்றரைக் குடுத்திட்டு தன்ர வேலை முடிஞ்சுதெண்டு போட்டார். இவை விலக்குக்கு போர்ம் அனுப்பினவை, அனுப்பினது வெள்ளிக்கிழமை. பில்டருக்கு டிகர், மண் தோண்டுற மெசின், வாடகைக்கு கிடைச்சது திங்கக்கிழமை. அவர் வந்து "சும்மா பழைய கராஜைத் தட்டிவிடுறன், வீடு கட்டுறது பிறகுதானே" எண்டு இடிச்சிட்டார். நான் பிறகு போய்ப் பார்க்கேக்க வளவு முழுக்க செங்கல், ஒரு பக்கம் அத்திவாரத்துக்கு முழங்காலளவு வெட்டின கிடங்கு, அதுக்குள்ள மழைத்தண்ணி.

சட்டத்தின்ர கண்ணில அந்தக் கராஜ் இடிச்சதே வேலை தொடங்கினதுதான். பெர்மிஷனில சொன்ன கட்டடத்தை இடிக்கிறது, அத்திவாரத்துக்கு கிடங்கு வெட்டுறது, ரெண்டும் தொடக்கம். விலக்கு குடுத்தாச்சு எண்டு கவுன்சில் முடிவு அனுப்ப முதல் தொடங்கினால் விலக்கு இல்லை. போர்ம் போய்ச் சேர்ந்தது காணாது, முடிவு கையில வரோணும். அவைக்கு வந்த பில் பறோவும் மேயரும் சேர்த்து 40,000 பவுண்ஸைத் தாண்டினது. அந்த அக்கா பில்லை மேசையில வச்சிட்டு "நாங்கள் ஒண்டும் ஒளிக்கேல்லையே தம்பி, இருக்கத்தானே கட்டுறம்" எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா. உண்மைதான், ஒரு களவும் இல்லை. மூண்டு நாள் பிந்தி டிகர் வந்திருந்தாலும் காணாது, ஒரு மாசம் பொறுத்திருந்தால் ஒரு பென்ஸும் இல்லை. எழுதிப் பார்த்தம், கவுன்சிலரிட்ட போனம், விதியில இடமில்லை எண்டிட்டினம். மேல் மாடிக்கு வச்சிருந்த காசு பில்லுக்குப் போய், வீடு ஒரு தட்டோட நிண்டுது.

கட்டி முடிச்சிட்டு பிறகு பெர்மிஷன் எடுப்பம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் இதே கதிதான். அப்பிடி எடுக்கிற பெர்மிஷனுக்கு செல்ஃப் பில்ட் விலக்கு இல்லையெண்டு 2022 இல கோர்ட் ஒஃப் அப்பீல் சொல்லிப்போட்டுது.

அப்ப ஒழுங்கு என்னெண்டால், பெர்மிஷன் வந்த உடன ரெண்டாம் போர்ம், அதாவது இந்தக் காசுக்கு நான் பொறுப்பு எண்டு ஏற்கிறது. அதுக்குப் பிறகு ஏழாம் போர்மின்ர முதல் பகுதி, விலக்குக் கேக்கிறது. கவுன்சிலின்ர முடிவு எழுத்தில வரும்வரைக்கும் வளவில ஒரு கல்லும் அசையக்கூடாது. வந்த பிறகு ஆறாம் போர்ம், இன்ன திகதி தொடங்குறம் எண்ட நோட்டீஸ், தொடங்குறதுக்கு ஆகக் குறைஞ்சது முதல் நாளாவது கவுன்சிலுக்குக் கிடைக்கோணும். லெவி கட்டத்தான் வேணுமெண்ட ஆக்களும் ரெண்டாம் போர்மையும் ஆறாம் போர்மையும் விடாதேங்கோ. ஒழுங்காச் செய்தால் தொடங்கின நாளில இருந்து 60 நாள் தவணை கிடைக்கும், சில கவுன்சில் தவணை பிரிச்சும் கட்ட விடும், விட்டால் முழுக் காசும் உடன கேப்பினம், அதுக்கு மேல அபராதம், வட்டி. கடைசியில வேலையை நிப்பாட்டுற நோட்டீஸ் வரைக்கும் போகும். கணக்கு பிழையெண்டு நினைச்சால் லயபிலிற்றி நோட்டீஸ், அதாவது எவ்வளவு கட்டோணும் எண்டு கவுன்சில் விடுற நோட்டீஸ், அது போட்ட திகதியில இருந்து 28 நாளுக்குள்ள கவுன்சிலிட்ட மறுபரிசீலனை கேளுங்கோ, அளந்த அளவு பிழைச்சு நான் ரெண்டு தரம் திருத்தி எடுத்திருக்கிறன்.

விலக்கு எடுத்தவை வீடு முடிஞ்ச உடன மறந்துபோவினம். முடிஞ்சு ஆறு மாசத்துக்குள்ள ஏழாம் போர்மின்ர ரெண்டாம் பகுதி அத்தாட்சிகளோட போகோணும். மூண்டு வருசம் அந்த வீட்டிலயே இருக்கோணும், அதுக்குள்ள வித்தாலோ வாடகைக்கு விட்டாலோ 14 நாளுக்குள்ள அறிவிச்சு லெவியைக் கட்டோணும். நல்ல விலை வருதெண்டு ரெண்டாம் வருசம் விக்க நினைக்கிற ஆக்கள் முதல் இதைக் கழிச்சுப் பாருங்கோ.

கட்டாத ஆக்களுக்கும் இதில ஒரு பங்கு இருக்கு. சேருற காசில 15 வீதம் அந்த அயலுக்கெண்டு ஒதுக்கோணும், நெய்பர்ஹூட் பிளான், அதாவது அந்த அயல் சனமே போட்ட பிளான், இருக்கிற இடத்தில 25 வீதம். பறிஷ் கவுன்சில் எண்ட சின்ன அயல் கவுன்சில் இல்லாத லண்டன் பறோக்களில காசு பறோவிட்டயே இருக்கும், ஆனா சனத்திட்ட கேட்டுத்தான் செலவழிக்கோணும். வருசா வருசம் டிசம்பர் 31 க்குள்ள எவ்வளவு வந்தது, எதில போட்டது எண்டு கவுன்சில் வெளியிடோணும். அதை எடுத்து வாசிச்சுப்போட்டு, எங்கட பிள்ளையள் தமிழ் படிக்கிற ஹோலின்ர கூரைக்கு ஒழுக்கு, விளையாட்டு மைதானத்துக்கு லைற் இல்லை எண்டு கேளுங்கோ.

இப்ப என்னட்ட இன்னொரு குடும்பம் இருக்கு, பெர்மிஷன் வந்திட்டுது, விலக்குப் போர்ம் போன செவ்வாய் அனுப்பினனான், பதில் இன்னும் வரேல்ல. அவையின்ர பில்டர் அடுத்த திங்கள் ஆள் அனுப்புறன் எண்டு நிக்கிறார். நான் நேரவே போன் எடுத்து, லெற்றர் வந்து என்ர கையால நான் கொப்பி அனுப்பும்வரைக்கும் வளவுக்குள்ள பாரையோட ஒருத்தரும் கால் வைக்கக்கூடாதெண்டு சொல்லியிருக்கிறன். அவர் டிகர் வாடகை வீணாப்போகும் எண்டு கோவிச்சவர், அந்த வாடகை ஒரு கிழமைக்கு எவ்வளவு எண்டு கேட்டு வீட்டுக்காரரே குடுக்கிறதா ஒத்துக்கொண்டாச்சு.