ஊரடங்கா, பொதுமுடக்கமா? ‘லாக்டவுன்’ சொல் விளக்கம்

லாக்டவுனுக்கு நேரான தமிழ்ச்சொல் பொதுமுடக்கம். 2020இல், கொரோனா காலத்தில், தமிழ்ச் செய்திகளில் பெரிதும் பரவியதோ ஊரடங்கு. இரண்டும் ஒன்றல்ல.

19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில், தெப்ப மரங்கள் நழுவாமல் பிணைக்கும் கட்டைக்கு லாக்டவுன் என்று பெயர். இன்றைய பொருள் 1970களில் அமெரிக்கச் சிறைகளில் உருவானது: கலவரம் மூண்டால் கைதிகள் அனைவரையும் அறைக்குள் வைத்துப் பூட்டுவது.

ஊரடங்கு, கர்ஃபியூவுக்கு உரிய சொல். கர்ஃபியூ ‘நெருப்பை மூடு’ என்னும் பழைய பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது. அடுப்பை அவிக்கச் சொல்லி இரவில் அடித்த மணி அது. டச்சு மொழியில் இதற்கு ‘மாலை மணி’ என்றே பெயர். ஊர் அடங்கும் நேரம் என்று நாம் சொல்வதும் இரவைத்தான். ஆக, ஊரடங்கு என்றால் குறிப்பிட்ட மணிக்குமேல் வெளியே வரக்கூடாது என்பது. பொதுமுடக்கம் என்றால் கடை, பள்ளி, போக்குவரத்து, வேலை எல்லாம் நிற்பது.

பிரான்ஸ் இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டு நடத்தியது. 2020 மார்ச் 17 முதல் முடக்கம்: காரணம் எழுதிய படிவமின்றி வெளியே வந்தால் 135 யூரோ அபராதம். அக்டோபர் 17 முதல் பாரிஸிலும் வேறு சில பெருநகரங்களிலும் ஊரடங்கு: இரவு 9 முதல் காலை 6 வரை. நெதர்லாந்தில் கடைகளையும் பள்ளிகளையும் மூடியபோது வெடிக்காத கலவரம், 2021 ஜனவரி 23இல் இரவு ஊரடங்கு வந்ததும் வெடித்தது. ஊர்க் என்ற ஊரில் கொரோனா பரிசோதனை மையமே எரிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் இந்த வேறுபாடு வாசகருக்குத் தெரியாமலே போகும்.

ஜப்பான் நேர் எதிர். 2020 ஏப்ரல் 7இல் அவசரநிலை அறிவித்தும், வெளியே வருபவரைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கே புழங்கிய சொல் ‘ஜிஷுகு’: தானாகக் கட்டுப்படுதல். தமிழில் ‘அடங்கு’ தன்வினை, ‘அடக்கு’ பிறவினை. இலக்கணப்படி ஊர் அடங்கியது ஜப்பானில்தான்; மற்ற இடங்களில் அடக்கப்பட்டது.

நாடுகளை ஒப்பிடும்போது இன்னொரு வழுக்கலும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 0–100 கடுமைக் குறியீடு அரசு போட்ட விதிகளை அளப்பது. மக்கள் எவ்வளவு கடைப்பிடித்தார்கள் என்பதை அல்ல.

இலங்கைச் செய்திகளை வாசிக்கும்போது மட்டும் ஊரடங்கைப் பொதுமுடக்கம் என்று திருத்திவிடாதீர்கள். 2020 மார்ச் 20 முதல் அங்கே இருந்தது உண்மையான ஊரடங்கு. அனுமதிச் சீட்டில்லாமல் தெருவில் இறங்க முடியாது. மார்ச் 25இல் இந்தியாவில் தொடங்கிய 21 நாள் முடக்கத்தில் மளிகைக் கடைக்குப் போய்வரலாம். கொழும்பும் சென்னையும் எழுதியதோ ஒரே சொல்.