சுவருக்குள் ஓடிய புகை

ஸ்காட்லாந்தில் ஒரு தோட்டக் கட்டடத்தின் தலையில் கல்லாலான பெரிய அன்னாசிப்பழம் இருக்கிறதே, அந்தக் குளிரில் உண்மையிலேயே அன்னாசி விளைந்ததா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். விளைந்தது. ஏர்த் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒருகாலத்தில் டன்மோர் பிரபுவுக்குச் சொந்தமாக இருந்த நிலத்தில் இருக்கிறது அந்தக் கட்டடம். தோட்டத்தைப் பார்த்த வாசலில் 1761 என்று பொறித்திருக்கிறார்கள். 1820களில் வில்லியம் வில்கின்ஸ் வடிவமைத்துக் கட்டிய மாளிகை இன்று கூரையில்லாமல் பாழடைந்து கிடக்க, அதற்கு முன்பே எழுந்த இந்தக் கட்டடம் முழுசாக நிற்கிறது.

அன்னாசிக்கு வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். உறைபனி பட்டால் செடியே போய்விடும். டன்மோர் இருப்பதோ 56 டிகிரி வட அட்சத்தில். அங்கே மார்ச் 21 நண்பகலில்கூடச் சூரியன் 34 டிகிரிதான் ஏறும். சூரியனை நேருக்கு நேர் பார்க்கும் பரப்புக்குக் கிடைக்கும் வெயில் நூறு என்றால், அந்தச் சாய்ந்த வெயிலில் தரைக்கு 56தான் கிடைக்கும், தெற்குப் பார்த்த செங்குத்துச் சுவருக்கு 83 கிடைக்கும். டிசம்பரில் சூரியன் பத்தரை டிகிரியில் நிற்கும்போது தரைக்கு 18, சுவருக்கு 98. தோட்டத்தைச் சுற்றி உயரமாக மதில் எழுப்பி, தெற்கு முகத்தோடு கண்ணாடி வீடுகளை ஒட்டியதற்குக் காரணம் இதுதான். வேருக்குச் சூடு வேறு வழியில் வந்தது. தோல் பதனிட்டு மிஞ்சிய ஓக் மரப்பட்டையைக் குழியில் ஆழமாகக் கொட்டி, அதற்குள் தொட்டிகளைப் புதைப்பது அக்காலத் தோட்டக்காரர்களின் வழக்கம். எருக்குழி சூடாவதுபோல அதுவும் நொதித்துச் சூடாகும். ஆறத் தொடங்கினால் கிளறிவிட்டுப் புதுப்பட்டை சேர்ப்பார்கள். இத்தனைக்கும் பிறகு பழம் பார்க்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

ஆனால் வெயிலே இல்லாத இரவில் என்ன செய்வது? டன்மோரில் சுவரை உள்ளே வெற்றிடம் விட்டு இரட்டையாகக் கட்டி, உலைச் சூட்டை அதற்குள் ஓடவிட்டார்கள். கூரைமேல் அழகுக்கு வைத்ததுபோலத் தெரியும் நான்கு கிரேக்கச் சாடிகளும் புகைபோக்கிகள்.

இந்த மாதிரிச் சுவர்களின் உயிர் புகையின் இழுவையில் இருக்கிறது. சுழியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 1.29 கிலோ எடை. 100 டிகிரியில் 0.95 கிலோ. உலையிலிருந்து சாடியின் வாய்வரை 5 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், இந்த எடை வித்தியாசம் தரும் அழுத்தம் சுமார் 17 பாஸ்கல். தண்ணீரை ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர்கூட உயர்த்தாத அழுத்தம்! அந்த மெல்லிய தள்ளலில்தான் புகை சுவர் நெடுக ஓடி, திரும்பி, மேல் அடுக்கில் மறுபடி ஓடி வெளியேற வேண்டும். இங்கேதான் சிக்கலின் அழகு. சூடாக இருப்பதால்தான் புகை ஏறுகிறது. சுவரோ அந்தச் சூட்டைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. புகை 40 டிகிரிக்கு ஆறிவிட்டால் அழுத்தம் பாதியாகி 8 பாஸ்கலுக்கு வந்துவிடும். புகைவழியை நீட்டினால் சூடு வீணாகாது, ஆனால் புகை அடைத்துக்கொள்ளும். குறைத்தால் நன்றாக இழுக்கும், ஆனால் பாதிச் சூடு வானத்துக்குப் போகும். நல்ல கொத்தனார் இரண்டுக்கும் நடுவே நின்று கட்டினார்.

கெட்டுப்போகும் இடங்களும் இதிலிருந்தே வருகின்றன. உலையை ஒட்டிய முதல் ஓட்டம் அதிகம் கொதிக்கும், கடைசி மூலை வெதுவெதுப்போடு நின்றுவிடும். அதனால் ஆரம்பத்தில் செங்கல்லைக் கனமாக வைக்க வேண்டும். திருப்பங்களில் புகைக்கரி படியும். அங்கே திறந்து மூடும் துளை இல்லாவிட்டால் இழுவை செத்துவிடும். சாந்தில் விரிசல் விட்டால் நிலக்கரிப் புகையின் கந்தக வாயு கண்ணாடி வீட்டுக்குள் கசிந்து இலைகளைக் கருக்கும். நெடுநாள் ஆறிக்கிடந்த சுவரில் முதல் தீ மூட்டும்போது புகை உலை வாயிலேயே திரும்பி வரும். போக்கியின் அடியில் சிறு தீ போட்டு, அங்குள்ள குளிர்ந்த காற்றை முதலில் கிளப்ப வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெந்நீர்க் குழாய்கள் வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது.

கண்ணாடி வீடுகள் இன்று இல்லை. கல் அன்னாசி மட்டும் இத்தனை பனிக்காலங்களைத் தாண்டியும் உடையவில்லை. பழைய கட்டடம் நிலைத்தாலே அதில் ஏதோ ரகசியக் கலவை இருந்தது என்று சொல்வது நம்மிடையே பழகிப்போய்விட்டது. அப்படிச் சொல்வது அந்தக் கொத்தனாரின் கணக்கை மறைத்துவிடுகிறது. இங்கே இருப்பது வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடும் சரிவு. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். தேங்கிய இடத்தில் கல்லைப் பிளக்கும். வளைந்து வெளியே நீளும் ஒவ்வொரு கல் இலைக்கும் தனித்தனியாக நீர் வடிய வழி செய்திருக்கிறார்கள். முள் விளிம்புகளிலும் பழத்தின் புடைப்புகளிலும்கூடத் தண்ணீர் நிற்க இடமில்லை.

இப்படிப்பட்ட பழைய கல்வேலையைப் பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூசுவதுதான் பெரிய தவறு. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைத் தன் வழியே வெளியே விடும். சிமென்ட் அடைத்துவிடுவதால் ஈரம் மணற்கல்லுக்குள் தங்கி, பனியில் செதில் செதிலாக உரித்துவிடும். செதுக்கலைப் புதுப்பிக்கக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது ஆண்டுதோறும் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரை ஏற்றி இணைப்புகளைப் பார்க்கச் செய்வதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவர் முதலில் பார்க்க வேண்டியது பாசியை. எந்த இலை இடுக்கில் அது அடர்ந்து பச்சையாக இருக்கிறதோ, அங்கே வாட்டம் கெட்டிருக்கிறது.