டுகினைப் படிக்கும் பழமைவாதிகள் கவனிக்க வேண்டியவை

ரஷ்யச் சிந்தனையாளர் அலெக்சாண்டர் டுகினின் எழுத்து அமெரிக்க, ஐரோப்பியப் பழமைவாதிகளை ஈர்ப்பதில் வியப்பில்லை. அவர்கள் மனத்தில் வெகுநாளாக இருக்கும் குறையை அவர் உரக்கச் சொல்கிறார். குடும்பம், சமயம், ஊர் என எல்லாப் பிணைப்பிலிருந்தும் மனிதனைப் பிய்த்தெடுத்து வெறும் நுகர்வோனாக நிறுத்திவிட்டது, தனிமனித உரிமையையே முதன்மையாக்கும் தாராளவாதம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு. இதை மறுத்துப் பேச்சைத் தொடங்குபவர்கள் அங்கேயே வாசகரை இழந்துவிடுகிறார்கள். 'பாசிஸ்ட்' என்று ஏசித் தொடங்கினாலும் அதே கதிதான்.

ஆபத்து அடுத்த படியில் இருக்கிறது. 2009இல் டுகின் முன்வைத்த 'நான்காவது அரசியல் கோட்பாடு' தாராளவாதம், கம்யூனிசம், பாசிசம் மூன்றையும் கடப்பதாகச் சொல்கிறது. ஆனால் பின்னிரண்டிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொள்ள வாசலைத் திறந்து வைக்கிறது. வீழ்த்த வேண்டிய எதிரியாக நிற்பது தாராளவாதம்தான். 1990களின் தொடக்கத்தில் எழுத்தாளர் எட்வார்ட் லிமோனோவுடன் சேர்ந்து தேசிய போல்ஷெவிக் கட்சியை உருவாக்கியவர் அவர். சிவப்புத் துணி, வெள்ளை வட்டம், நடுவில் சுத்தியலும் அரிவாளும் என்ற அக்கட்சிக் கொடி நாஜிக் கொடியை நினைவூட்டுகிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

அவரைப் படிக்க வருபவர்களுக்கு நாங்கள் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஒரே ஓர் அத்தியாயத்தை எடுத்து, 'மேற்கு' என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். அந்த இடத்தில் அவர் சொல்வது சந்தையையா, அமெரிக்கப் படையையா, பாலின அரசியலையா, அல்லது ஆள்வோனையும் கட்டுப்படுத்தும் சட்டத்தையா என்று ஓரத்தில் எழுதுங்கள். இவை எல்லாம் ஒரே சொல்லுக்குள் கலந்து கிடப்பது சில பக்கங்களிலேயே தெரிந்துவிடும். வாசகர் வெறுப்பது முதல் மூன்றில் ஏதோ ஒன்றை. கடைசியில் அவர் கைவிடுவதோ நான்காவதை.

இரண்டாம் வாசிப்பில், உண்மை எல்லோருக்கும் பொதுவா, நாகரிகத்துக்கு ஒன்றா என்று பாருங்கள். 2016இல் பிபிசி நேர்காணலில், ரஷ்யாவுக்கென்று தனி உண்மை உண்டு, அதை மற்றவர்கள் ஏற்க வேண்டும் என்றார் டுகின். கடவுளின் கட்டளை எந்நாட்டவருக்கும் பொருந்தும் என்று நம்பும் பழமைவாதி இதை எப்படி ஏற்க முடியும்? பழமைவாதி எதிர்த்துப் போராடும் சார்பியல்வாதமே, அதாவது உண்மை இடத்துக்கு இடம் மாறும் என்ற கருத்தே, இங்கே மரபு என்ற பெயரில் வந்து நிற்கிறது.

பழமைவாதத்தின் மூலவர்களில் ஒருவரான எட்மண்ட் பர்க் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார். ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியபோது, நவாப் ஆண்ட கர்நாடிக் பகுதியின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) ஏரிகளையும் அங்கு நடந்த அழிவையும் விரிவாக எடுத்துரைத்தவர் அவர். 1788இல், வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணையில், ஆசியாவுக்கு வேறு நீதி, ஐரோப்பாவுக்கு வேறு நீதி என்ற வாதத்தை 'புவியியல் ஒழுக்கம்' என்று சாடினார். ஹேஸ்டிங்ஸ் 1795இல் விடுதலையானார். பர்க் வைத்த வாதம் தோற்கவில்லை. ஒவ்வொரு நாகரிகமும் தன் உண்மையின்படி நடக்கும் டுகினின் பன்முனை உலகில் ஒரு ஹேஸ்டிங்ஸை எந்த மன்றத்தில், எந்த அளவுகோலால் நிறுத்துவது? அதற்கு அங்கே இடமே இல்லை. இதன் விளைவை 2014இல் பார்த்தோம். உக்ரைன் குறித்துப் பேசும்போது 'கொல்ல வேண்டும்' என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்ன காணொளி எதிர்ப்பைக் கிளப்பியது. அவ்வாண்டே மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார்.

கோட்பாட்டைப் படித்த கையோடு, மரபின் காவலனாகக் காட்டப்படும் ரஷ்யாவின் சட்டங்களையும் எடுத்துப் பாருங்கள். அங்கே 12 வாரம் வரை பெண்ணின் விருப்பத்தின் பேரில் கருக்கலைப்பு செய்யலாம். மணமுறிவு விகிதம் உலகின் உயர்ந்தவற்றுள் ஒன்று. 2016 ஜூலையில் நடைமுறைக்கு வந்த யாரொவாயா சட்டத்தொகுப்பு, சமயப் பரப்புரையை அனுமதிக்கப்பட்ட இடங்களுக்குள் அடைத்தது; மீறும் தனிநபருக்கு 5,000 முதல் 50,000 ரூபிள் வரை, அமைப்புக்கு 10 லட்சம் ரூபிள் வரை அபராதம். 2017 ஏப்ரலில் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தடைசெய்தது.

பாரம்பரிய மதிப்பீடுகளை நாடி வரும் வெளிநாட்டவருக்கு மொழித்தேர்வு இல்லாமல் தற்காலிக வதிவிட உரிமை தரும் ஆணையை ரஷ்யா 2024 ஆகஸ்டில் பிறப்பித்தது. வீட்டில் அண்டை அயலாரைக் கூட்டி பைபிள் வகுப்பு நடத்தும் வழக்கமுள்ள ஒரு பாப்திஸ்துக் கிறித்தவக் குடும்பம் அந்த ஆணையை நம்பிப் பெட்டி கட்டுமுன், யாரொவாயா தொகுப்பில் பரப்புரை பற்றிய பகுதியை மொழிபெயர்ப்பிலாவது வரிவரியாகப் படித்துவிட வேண்டும்.