லீவு முடிந்து வரும் நாளில் இறுகும் நெஞ்சு

வேலையால் வரும் நோய்களைத் தடுக்கும் தொழில்சார் சுகாதாரத் துறைக்கு நான் வந்த புதிதில், கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் சொன்னார்: "லீவு முடிஞ்சு வர்ற அன்னிக்குத்தான் நெஞ்சை இறுக்குதுங்க. மறுநாள் பரவாயில்லை." வயசாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்திருந்தார். அது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நுரையீரல் நோயின் அடையாளம். ஆரம்பத்தில் வாரத்தின் முதல் நாள் மட்டும் இறுக்கும். வருடக்கணக்கில் அதே தூசியில் நின்றால் எல்லா நாளும் இறுக்கும், அப்புறம் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது.

தொழில்சார் சுகாதாரத்துக்கு என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளிடம் இந்த அக்காவைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். விரல் துண்டானால் எல்லோருக்கும் தெரியும். இருபது வருடம் கழித்து வரும் மூச்சிரைப்புக்கு மில்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றாது. நோயாளியிடம் 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்றும் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமாசினி 1700-லேயே மருத்துவர்களுக்கு எழுதினார். இன்றும் பல கிளினிக்குகளில் அந்தக் கேள்வி வருவதில்லை.

வேதியியல், இயற்பியல், பொறியியல் எது படித்திருந்தாலும் வரலாம். மருத்துவர்களுக்கு ஏ.எப்.ஐ.எச். (அசோசியேட் ஃபெலோ ஆஃப் இண்டஸ்ட்ரியல் ஹெல்த்) என்ற மூன்று மாதப் படிப்பு இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிலையத்தின் பயிற்சிகளையும் விசாரித்துப் பாருங்கள்.

சரி, களத்தில் என்ன வேலை? உலோகம் வார்க்கும் பவுண்டரியில், மணலிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசியை அளக்க, தொழிலாளியின் இடுப்பில் சின்ன பம்பைக் கட்டி, ஃபில்டரைக் காலரில், மூக்குக்கு ஒரு அடிக்குள் மாட்டுவோம். பெரிய துகள்களைப் பிரித்துவிட்டு நுண்தூசியை மட்டும் ஃபில்டருக்கு விடும் நைலான் சைக்ளோன் என்றால் நிமிடத்துக்கு 1.7 லிட்டர் காற்று. ஷிப்டுக்கு முன்பும் பின்பும் அந்த ஓட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். பின்பு பார்க்க மறந்து, ஒரு நாள் முழுக்க எடுத்த சாம்பிள்களை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். எட்டு மணி நேரம் பம்பைச் சுமந்தவர்களிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அளந்த பிறகு, 'மாஸ்க் கொடுத்துவிடலாமா?' என்று நிர்வாகம் கேட்கும். அது கடைசி வழி. தூசி கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பது, ஈரப்படுத்துவது, பொருளையே மாற்றுவது என்று முதலில் பேசத் தெரிய வேண்டும், அதுவும் முதலாளிக்குப் புரியும் கணக்கில்.

வாய்ப்பு கிடைத்தால், வார விடுமுறைக்கு அடுத்த நாள் ஒரு மில்லுக்குப் போய், ஷிப்ட் முடியும் நேரத்தில் கார்டிங் பிரிவில் நில்லுங்கள். வெளியே வருபவர்களிடம் கேளுங்கள்: "மூச்சு எப்படி இருக்குங்க?"