கரந்துறை இனம்: மறைந்த தவளையும் மறைந்திருக்கும் தவளையும்

கடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலை, கரும்பலகையில் ‘இலங்கைத் தீவின் மறைந்த தவளை இனங்கள்’ என்று எழுதினேன். ‘கிரிப்டிக் ஸ்பீஷீஸ்’ என்பதற்கு அதுவரை நான் வைத்திருந்த தமிழ் அதுதான். இந்தத் தவளைகளைக் குரலைப் பதிவுசெய்துதான் பிரித்தறிகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சார், மறைஞ்சு போன தவளையோட சத்தத்தை எப்படி சார் பதிவு பண்ணுவாங்க?”

அவள் கேட்டது முற்றிலும் சரி. தமிழில் ஒருவர் மறைந்தார் என்றால் காலமானார் என்றுதான் பொருள். சுவரொட்டியில் தினமும் பார்க்கிறோம். உயிரோடு கத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இறந்ததாக எழுதிவிட்டேன். அன்று அழித்த சொல்லுக்கு மாற்று தேடியதில் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். பார்வைக்கு ஒன்றாகத் தெரிவதால் வெகுகாலம் ஒரே பெயரில் அழைக்கப்பட்டு, உண்மையில் இரண்டாகவோ அதற்கு மேலாகவோ பிரிந்து வாழும் உயிரினங்களைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ‘கிரிப்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ஒளிந்தது. ‘ஸ்பீஷீஸ்’ இலத்தீன் சொல். பார்த்தல் என்ற வினையிலிருந்து வந்தது, தோற்றம் என்று பொருள். தோற்றம் என்று பெயர் பெற்ற ஒன்று, தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாதபடி நிற்கிறது. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் இவற்றை உடன்பிறப்பு இனங்கள் என்ற பொருளில் அழைத்தார். அழகான பெயர்தான். ஆனால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தவளைகள் எப்போதும் நெருங்கிய உறவாக இருப்பதில்லை. டிஎன்ஏவைப் பார்த்தால் சில சமயம் தூரத்துச் சொந்தமாகிவிடும்.

தவளைகளில் இது அதிகம் தெரியவருவதற்குக் காரணம் குரல். பெண் தவளை இருட்டில் ஆணைத் தேடிப்போவது சத்தத்தை வைத்து. நம் கண்ணுக்கு ஒன்றாக இருப்பது அதன் காதுக்கு வேறாக இருக்கும். நுணலும் தன் வாயால் கெடும் என்கிறோம் இல்லையா? பழமொழி நானூற்றில் அந்த நுணல் மணலுக்குள் மூழ்கி மறைந்து கிடக்கிறது, வாயைத் திறந்ததும் அகப்படுகிறது. ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியோடு வரப்பில் உட்கார்ந்து செய்வதும் இதையே.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. ஊர்க் குளத்தில் ஆம்பல் இலைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய பச்சைத் தவளையைப் பார்த்திருப்பீர்கள். பின்காலில் விரல் நுனிவரை சவ்வு. பூச்சியோடு நீர்ச்செடியையும் தின்னும். வளர்ந்த தவளை இலை தின்பது அபூர்வம். 1834இல் பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸோன் இதற்கு ‘ஹெக்ஸாடாக்டைலா’ என்று பெயர் வைத்தபோது சொன்ன இடம் புதுச்சேரி. மேற்குக் கடற்கரையில் இருப்பதும் இதுவேதான் என்று எண்ணியிருந்தார்கள். குரலும் மரபணுவும் வேறு என்று தெரிந்ததும் 2016இல் கர்நாடகக் கரையோரத் தவளைக்கு ‘கராவளி’ என்று புதுப் பெயர் வைத்தார்கள். கன்னடத்தில் கராவளி என்றால் கடற்கரைப் பகுதி. ஓர் இனம் இரண்டாகும்போது, பழைய பெயர் அது முதலில் எந்த ஊர்த் தவளைக்கு வைக்கப்பட்டதோ அதற்கே போகும். அதனால் பழைய பெயர் புதுச்சேரித் தவளையிடமே தங்கிவிட்டது.

தீவுகளில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். 1829இல் ஜாவாத் தீவின் ஒரு வயல் தவளைக்கு ‘லிம்னோகாரிஸ்’ என்று பெயரிட்டார்கள். பிறகு இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை வயலில் கத்தும் சின்னத் தவளைக்கெல்லாம் அதே பெயர். இப்போது அது பல இனங்களாகப் பிரிந்துவிட்டது. மடகாஸ்கரில் 2009இல் வெளிவந்த ஆய்வு, பெயருள்ள 244 இனங்களோடு இன்னும் 129 முதல் 221 வரை பெயரில்லாத தவளைகள் இருக்கலாம் என்றது. இலங்கையில் 2005இல் ஒரே கட்டுரையில் 27 புதர்த்தவளை இனங்களை விவரித்தார்கள். இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். குளமும் ஓடையும் தேவையில்லாததால் ஒரு மலையின் ஈரக் காட்டிலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவிட முடிகிறது. பக்கத்து மலையில் இருப்பது இன்னொரு இனமாக இருக்கும்.

பரவல் வரைபடம் இதனால்தான் மாறுகிறது. தீவு முழுக்க ஒரே வண்ணம் பூசியிருந்த இடத்தில், இனங்கள் பிரிந்தபின் சின்னச் சின்னப் புள்ளிகள் மிஞ்சும். பரவலாக இருக்கிறது, கவலை இல்லை என்று நினைத்த தவளை, ஒரு மலையில் மட்டுமே இருப்பதாகத் தெரியவரும். அந்தக் காட்டை அழித்தால் அதோடு சரி. இலங்கைப் புதர்த்தவளைகளில் பத்துக்கும் மேற்பட்டவை அப்படிப் போய்விட்டன. அருங்காட்சியகப் புட்டிகளில்தான் இருக்கின்றன. அவைதான் மறைந்த இனங்கள். 1853இல் பெயர் பெற்ற ‘ஸ்டெல்லாட்டஸ்’ என்ற தவளையையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் உயிரோடு கிடைத்தது. அழிந்துபோனதற்கும் ஒளிந்திருப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

‘மறைவினம்’ என்றாலும் மறைவு ஒட்டிக்கொள்கிறது. ‘மறையினம்’ வேதத்தை நினைவூட்டும். எனக்குப் பிடித்தது ‘கரந்துறை இனம்’. கரத்தல் என்றால் ஒளித்தல், ஒளிதல். ‘இயல்வது கரவேல்’ என்று ஆத்திசூடியில் எல்லாரும் படித்ததுதான். உறைதல் என்றால் வாழ்தல். ஒளிந்திருக்கிறது, வாழ்கிறது என்ற இரண்டையும் சொல் தாங்குகிறது. எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் நம் சித்திரகவியில் கரந்துறை பாட்டு என்று ஒரு வகை உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் படித்தால் தெரியாது, எழுத்தெழுத்தாகப் பொறுக்க வேண்டும். ஒரு பெயருக்குள் இன்னொரு இனம் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

பாடநூல் வழக்கில் ஸ்பீஷீஸ் என்றால் சிற்றினம். குறளில் சிற்றினம் என்றால் கீழ்மக்கள் கூட்டம், ஆனாலும் வகுப்பறையில் யாரும் குழம்புவதில்லை. ஆகவே ‘கரந்துறை சிற்றினம்’ என்றும் எழுதலாம். வினைத்தொகை என்பதால் நடுவில் ச் வராது. மறுநாள் பலகையில் நான் ‘ச்’ போட்டுவிட்டேன். அதையும் எழுந்துவந்து அழித்தது அதே மாணவிதான்.